மசக்கைக்கு இரண்டு மாத்திரைகள்

நாள் தள்ளிப்போன ஓரிரு வாரங்களில் வாந்தி தொடங்கிவிடுகிறது. கர்ப்பமான பெண்களில் பத்துக்கு ஏழு பேருக்காவது மசக்கை உண்டு. சோறு கொதிக்கும் வாசனை ஆகாது, தாளிக்கும் வாசனை ஆகாது, சிலருக்கு வெறும் தண்ணீர்கூட வயிற்றில் தங்காது. இதற்கு ஒரு மாத்திரை இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு. 1950களின் நடுவில், ஏறக்குறைய ஓராண்டு இடைவெளியில், அப்படி இரண்டு மாத்திரைகள் விற்பனைக்கு வந்தன. ஒன்று 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கைகால் ஊனத்தோடு பிறக்கவைத்தது. அதைக் கடையிலிருந்து எடுக்க நான்கு ஆண்டுகள் ஆயின. மற்றொன்று கருவுக்குத் தீங்கு செய்தது என்பதற்கு இன்றுவரை ஆதாரம் இல்லை. அதையும் விரட்டிவிட்டார்கள்.

இரண்டு மாத்திரைகளின் கதையிலும் ஒரே அமெரிக்க நிறுவனம் வருகிறது. இரண்டுக்கும் எதிராகப் பேசியவர்களில் ஒரே சிட்னி மருத்துவர் இருந்தார். கர்ப்ப காலத்தில் மருந்து சாப்பிடலாமா என்று கேட்டதும் நம் மனதில் எழும் அச்சம் முதல் மாத்திரையால் வந்தது. அந்த அச்சம் நியாயமானது, ஆனால் அது பாதிப் பாடம்தான். மீதிப் பாதியை நாம் படிக்காததால் இன்றும் தாய்மார்களும் குழந்தைகளும் பாதிக்கப்படுகிறார்கள். அதனால்தான் இந்த இரண்டு கதைகளையும் சேர்த்தே சொல்ல விரும்புகிறேன்.

முதல் மாத்திரையின் பெயர் தாலிடோமைட். மேற்கு ஜெர்மனியின் க்ரூனென்டால் நிறுவனம் 1957 அக்டோபர் 1 அன்று அதைக் 'கான்டெர்கன்' என்ற பெயரில் தூக்க மாத்திரையாக விற்கத் தொடங்கியது. அன்று புழக்கத்தில் இருந்த தூக்க மருந்துகளை அளவு மீறி விழுங்கியவர்கள் இறந்துபோனார்கள். இதையோ எலிகளுக்கு எவ்வளவு கொடுத்தாலும் அவை சாகவில்லை. அதுவே விளம்பரமாயிற்று. மருத்துவர் சீட்டு இல்லாமலே கடையில் கிடைத்தது. குமட்டலுக்கும் கேட்கிறது என்று தெரிந்ததும் கர்ப்பிணிகளுக்கும் போயிற்று. கருவை அது என்ன செய்யும் என்று யாரும் முறையாகச் சோதித்திருக்கவில்லை. விற்பனை தொடங்குவதற்கு முன்பே, 1956 கிறிஸ்துமஸ் நாளில், ஷ்டோல்பெர்க் நகரில் காதுகள் இல்லாமல் ஒரு குழந்தை பிறந்திருந்தது. அதன் தந்தை அதே நிறுவனத்தின் ஊழியர். கடைக்கு வராத மாத்திரையை மனைவிக்காக வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க அன்று எவருக்கும் தோன்றவில்லை.

தோளிலிருந்தே விரல்கள் முளைத்த குழந்தைகள் ஜெர்மனி முழுவதும் பிறக்கத் தொடங்கியபின், ஹாம்பர்க்கின் குழந்தை மருத்துவர் விடுகிண்ட் லென்ஸ் தாய்மார்களைத் தேடிப்போய் விசாரித்தார். கர்ப்பத்தின்போது என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று கேட்டபோது, ஐந்தில் ஒருவர்தான் இந்த மாத்திரையைச் சொன்னார். சந்தேகம் வந்து மறுபடியும் பெயர் சொல்லிக் கேட்டதும் பாதிப் பேர் ஒப்புக்கொண்டார்கள். சொல்லும் அளவுக்கு அது ஒரு மருந்தாகவே அவர்களுக்குப் படவில்லை. அதே சமயத்தில் சிட்னியின் க்ரௌன் ஸ்ட்ரீட் மகளிர் மருத்துவமனையில், வில்லியம் மெக்பிரைட் என்ற மகப்பேறு மருத்துவர், தன்னிடம் இந்த மருந்தைப் பெற்ற பெண்களுக்கே இத்தகைய குழந்தைகள் பிறப்பதைக் கவனித்தார். 1961 டிசம்பரில் 'லான்செட்' இதழில் அவருடைய சிறு கடிதம் வெளியானது. ஜெர்மனியில் அதற்குச் சில வாரங்கள் முன்புதான் மாத்திரை விலக்கப்பட்டிருந்தது.

அமெரிக்கா தப்பியது ஒரு பெண்ணால். மெர்ரெல் நிறுவனம் தாலிடோமைடை அங்கே விற்க 1960 செப்டம்பரில் விண்ணப்பித்தது. உணவு, மருந்து நிர்வாகத்தில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த ஃபிரான்ஸிஸ் கெல்சியிடம் அந்தக் கோப்பு வந்தது. எளிதான கோப்பு என்று சொல்லித்தான் புதியவரிடம் கொடுத்தார்கள். அவர் கையெழுத்துப் போடவில்லை. நீண்ட நாள் சாப்பிட்டவர்களுக்குக் கை கால் நரம்புகள் மரத்துப்போவதாகப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த கடிதத்தைப் படித்துவிட்டு, பெரியவர்களின் நரம்பையே பாதிக்கும் மருந்து கருவை என்ன செய்யும் என்று கேட்டார். இந்தக் கேள்வி அவருக்கு வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1940களில் சிகாகோவில் க்வினைன் பற்றி ஆராய்ந்தபோது, தாய் முயலின் உடல் சிதைத்து வெளியேற்றும் மருந்தை வயிற்றிலுள்ள கருவால் அப்படிச் சிதைக்க முடியாது என்பதை அவர் நேரில் பார்த்திருந்தார். நிறுவனம் மீண்டும் மீண்டும் நெருக்கியது. அவர் மீண்டும் மீண்டும் ஆதாரம் கேட்டார். சோதனை என்ற பெயரில் நிறுவனம் முன்கூட்டியே ஆயிரத்துக்கு மேற்பட்ட மருத்துவர்களிடம் கொடுத்துவைத்த மாத்திரைகளால் அமெரிக்காவிலும் 17 குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். கெல்சி இல்லாவிட்டால் அந்த எண்ணிக்கை ஆயிரங்களில் இருந்திருக்கும்.

இந்த மருந்து எப்போது தாக்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால், ஏறத்தாழ 34ஆம் நாளிலிருந்து 50ஆம் நாள் வரைதான் தாலிடோமைட் உறுப்புகளைக் கெடுத்தது. தொடக்க நாட்களில் சாப்பிட்டால் காது, சற்றுப் பிந்தினால் கை, இன்னும் பிந்தினால் கால். அந்த இடைவெளியில் ஒரே ஒரு மாத்திரை போதுமானதாக இருந்தது. அதற்குப்பின் சாப்பிட்டவர்களின் குழந்தைகளுக்கு இந்த ஊனம் வரவில்லை. அந்த 34ஆம் நாள் என்பது நாள் தள்ளி ஒரு வாரம்கூட ஆகாத கட்டம். மசக்கை தலைகாட்டுவதும் அப்போதுதான். எந்த நாட்களில் அந்தப் பெண்களுக்கு மாத்திரை தேவைப்பட்டதோ அந்த நாட்களில்தான் குழந்தையின் கைகள் அரும்பிக்கொண்டிருந்தன.

கருவின் உறுப்புகள் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு காலக்கெடு உண்டு. கருத்தரித்த முதல் இரண்டு வாரங்களில் பலமான தாக்குதல் வந்தால் பெரும்பாலும் கரு தங்காது. தங்கிவிட்டால் பெரும்பாலும் சேதமின்றி வளரும். மூன்றாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை உறுப்புகள் உருவாகும் காலம். மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற நரம்புக் குழாய், கருத்தரித்த 28 நாளில், அதாவது நாள் தள்ளி இரண்டு வாரத்தில், மூடிவிடுகிறது. அதன்பின் உறுப்புகள் வளர்கின்றன, வேலை பழகுகின்றன. அப்போது ஆபத்து வேறு உருவில் வரும். நம் ஊரில் பரவலாகப் பயன்படும் டெல்மிசார்டான், ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற பி.பி. மாத்திரைகளை நான்காம் மாதத்துக்குப்பின் தொடர்ந்தால் கருவின் சிறுநீரகம் செயலிழக்கலாம். கருவின் சிறுநீர்தான் பனிக்குட நீரின் பெரும்பகுதி. அது வற்றினால் நுரையீரலும் வளராது. இப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் 20 வாரத்துக்குப்பின் இதே நீரைக் குறைக்கக்கூடும். கடைசி மூன்று மாதங்களில் கருவின் இதயத்தருகே பிரசவம் வரை திறந்திருக்க வேண்டிய ரத்தக்குழாயை முன்கூட்டியே சுருக்கவும் கூடும். ஆகவே 'மூணு மாசம் தாண்டிடுச்சு, இனி எதையும் சாப்பிடலாம்' என்று சொல்வது தவறு.

தாய்க்கும் சேய்க்கும் நடுவில் நஞ்சுக்கொடி ஒரு மதில் என்றுதான் 1960 வரை பலரும் நம்பினார்கள். அது மதில் அல்ல. உணவும் பிராணவாயுவும் கடக்கும் வழியில் சிறிய மூலக்கூறு கொண்ட மருந்துகள் பெரும்பாலும் கடந்துவிடுகின்றன, நாம் விழுங்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவை சிறிய மூலக்கூறுகள்தான். இன்சுலின் பெரியது, கடப்பதில்லை. கர்ப்பிணிகளின் சர்க்கரை நோய்க்கு அதை நம்பிக் கொடுப்பதற்கு அது ஒரு காரணம். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரினும் கடப்பதில்லை, அதே வேலைக்கான வார்ஃபரின் கடந்துவிடும். கடப்பதெல்லாம் கெடுப்பதில்லை என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். பாராசிட்டமால் கடக்கிறது, அமாக்ஸிசிலின் கடக்கிறது. கருவுக்குள் போன மருந்து அங்கே எதைப் பிடிக்கிறது என்பதே கேள்வி.

தாலிடோமைட் எதைப் பிடித்தது என்று கண்டுபிடிக்க அரை நூற்றாண்டு ஆனது. 2010இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைக் கண்டார்கள். நம் செல்களில் செரிப்ளான் என்று ஒரு புரதம் இருக்கிறது. இடிக்க வேண்டிய கட்டடத்துக்குக் குறி போடும் நகராட்சி ஊழியரைப் போல, அழிக்க வேண்டிய புரதங்களுக்குக் குறி போடும் அமைப்பில் அது ஒரு பகுதி. தாலிடோமைட் அதில் ஒட்டிக்கொண்டதும் குறி தவறான இடத்தில் விழுகிறது. கை கால் வளர இன்றியமையாத ஒரு புரதம் அழிக்கப்படுகிறது. அந்தப் புரதம் எது என்பது 2018இல்தான் தெரிந்தது. எலிகளின் புரதங்கள் சற்றே வேறுபட்டவை, குறி அங்கே விழுவதில்லை. அன்றைக்குக் கருவுற்ற எலிகளிடம் சோதித்திருந்தாலும் மருந்து தேறியிருக்கும். சோதனை என்று ஒன்று நடந்தால் மட்டும் போதாது, எந்த விலங்கிடம் என்பதும் முக்கியம் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று இல்லை. அதே செரிப்ளான் வழியாக அதே மருந்து ஒருவகை எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயை அடக்குகிறது. தொழுநோயில் வரும் கடுமையான எதிர்வினைக்கும் கேட்கிறது. கடுமையான கட்டுப்பாட்டோடு இன்றும் அது பயன்பாட்டில் இருக்கிறது.

இனி இரண்டாவது மாத்திரை. பென்டெக்டின் என்ற பெயரில் 1956இல் அமெரிக்காவில் வந்தது. தாலிடோமைடை விற்கத் துடித்த அதே மெர்ரெல் நிறுவனத்தின் தயாரிப்பு. டாக்ஸிலமின் என்ற பழைய ஒவ்வாமை மருந்தும் பைரிடாக்ஸின் என்ற வைட்டமின் பி6உம் அதில் இருந்தன. உலகம் முழுவதும் 3 கோடிக்கு மேற்பட்ட கர்ப்பிணிகள் அதைச் சாப்பிட்டார்கள். 1970களின் இறுதியில் வழக்குகள் குவியத் தொடங்கின. 'இதைச் சாப்பிட்டேன், என் குழந்தை ஊனத்தோடு பிறந்தது' என்று தாய்மார்கள் நீதிமன்றம் போனார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. இரண்டும் நடந்தது உண்மை.

எந்த மருந்தும் தொடாத கர்ப்பங்களிலும் 100க்கு ஏறக்குறைய 3 குழந்தைகள் ஏதோ ஒரு பெரிய பிறவிக் குறைபாட்டோடு பிறக்கின்றன. இந்த ஒரு எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் கர்ப்பகால மருந்துகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது என்றே சொல்வேன். 3 கோடிப் பெண்கள் வெறும் சீரகத் தண்ணீரைக் குடித்திருந்தாலும் அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளில் 9 லட்சம் பேருக்குக் குறைபாடு இருந்திருக்கும். அந்த 9 லட்சம் தாய்மாருக்கும் சீரகத் தண்ணீர் நினைவில் நிற்கும். குழந்தைக்கு ஒன்று என்றால் தாய் முதலில் தன்னைத்தான் விசாரிக்கிறாள், எதைச் சாப்பிட்டேன், எங்கே தவறினேன் என்று. அந்த வேதனைக்குப் பதில் சொல்ல ஒரே வழி, சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் ஆயிரக்கணக்கில் ஒப்பிடுவது. பென்டெக்டினை அப்படி ஒப்பிட்ட ஆய்வுகள் பல வந்தன. வேறுபாடு தெரியவில்லை.

ஆனால் வழக்குச் செலவு விற்பனையை விழுங்கியது. 1983இல் நிறுவனம் மாத்திரையை நிறுத்திக்கொண்டது. அதன்பின் நடந்ததுதான் இந்தக் கதையின் முக்கியமான பகுதி. மாத்திரை குற்றவாளி என்றால், அது ஒழிந்தபின் பிறவிக் குறைபாடுகள் குறைந்திருக்க வேண்டும். அமெரிக்கக் கணக்குகளில் அவை குறையவில்லை. மசக்கை முற்றி, நீர்ச்சத்து வற்றி மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கர்ப்பிணிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ இரண்டு மடங்கானது. மாத்திரையை விலக்கியதால் ஒரு குழந்தையும் காப்பாற்றப்படவில்லை, பெண்கள் வதைபட்டது மட்டும் நிகழ்ந்தது. 30 ஆண்டுகள் கழித்து, 2013இல், அதே கலவைக்கு அமெரிக்கா மீண்டும் அனுமதி கொடுத்தது.

அந்த வழக்குகளில் மாத்திரைக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களில் ஒருவர் வில்லியம் மெக்பிரைட். தாலிடோமைடைக் காட்டிக்கொடுத்த அதே மருத்துவர். உலகப் புகழ் அவருக்குக் கிடைத்திருந்தது, அவர் பெயரில் நம்பிக்கை இருந்தது. 1982இல், பென்டெக்டினில் முன்பு சேர்க்கப்பட்ட ஒரு பொருளை ஒத்த மருந்தை முயல்களுக்குக் கொடுத்த ஆய்வு என்று ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் எண்களை அவர் மாற்றியிருந்தார். உடன் உழைத்த இளம் ஆய்வாளர்களே அதை வெளியே சொன்னார்கள். அறிவியல் மோசடி நிரூபணமாகி 1993இல் அவர் மருத்துவர் பதிவிலிருந்து நீக்கப்பட்டார். ஒருமுறை சரியாக அபாயமணி அடித்தவர் என்பதற்காக அடுத்தமுறையும் அவர் சொல்வதை அப்படியே ஏற்க முடியாது. கெல்சி கேட்ட கேள்வியை அவரிடமும் கேட்டிருக்க வேண்டும்: ஆதாரம் எங்கே?

இந்தக் கலவை நமக்கு அந்நியமானதல்ல. டாக்ஸிநேட் என்ற பெயரில் தமிழ்நாட்டு மருத்துவர்கள் மசக்கைக்கு எழுதிக்கொடுப்பது இதைத்தான். சீட்டோடு வீட்டுக்கு வந்ததும் 'இந்த மாதிரி நேரத்துல மாத்திரையெல்லாம் எதுக்கு, பல்லைக் கடிச்சிட்டு இரு' என்று அதைப் பிடுங்கி வைக்கும் பெரியவர்கள் அன்பினால்தான் செய்கிறார்கள். வாந்தியால் நா வறண்டு, சிறுநீர் குறைந்து, எடை இறங்கிக்கொண்டே போகும் பெண்ணுக்கு அந்த அன்பு உதவுவதில்லை.

2025 செப்டம்பரில் பாராசிட்டமாலுக்கு இதே கதி வந்தது. கர்ப்பிணிகள் அதைச் சாப்பிட்டால் குழந்தைக்கு ஆட்டிசம் வரலாம் என்று அமெரிக்க அதிபரே அறிவிக்க, நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்கள்வரை அது வந்து சேர்ந்தது. ஸ்வீடனில் 24 லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வு இதற்கு முன்பே இருந்தது. வெவ்வேறு குடும்பத்துக் குழந்தைகளை ஒப்பிட்டபோது சிறு வேறுபாடு தெரிந்தது. ஒரே தாயின் பிள்ளைகளில், பாராசிட்டமால் சாப்பிட்டுப் பெற்ற பிள்ளையையும் சாப்பிடாமல் பெற்ற பிள்ளையையும் ஒப்பிட்டபோது அந்த வேறுபாடும் மறைந்துவிட்டது. மறுபுறம், முதல் வாரங்களில் தாய்க்கு வரும் கடுங்காய்ச்சல் நரம்புக் குழாய்க் குறைபாட்டோடு தொடர்புடையது என்பது பல ஆய்வுகளில் தெரிந்த செய்தி. காய்ச்சலை அடக்காமல் விடுவது பாதுகாப்பான வழி அல்ல.

நம் வீடுகளில் அச்சம் தவறான இடத்தில் குவிந்திருக்கிறது. பப்பாளிக்குப் பயப்படுகிறோம், அன்னாசிக்குப் பயப்படுகிறோம். அதே வீட்டில் முதுகு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக்கை எட்டாம் மாதத்தில் விழுங்குவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. முகப்பருவுக்கான ஐசோட்ரெடினாயின் கேப்ஸ்யூலைப் பற்றிக் கேட்பதில்லை. கர்ப்பத்தின்போது அதைச் சாப்பிட்டால் ஐந்தில் ஒரு குழந்தைக்காவது மூளையிலோ இதயத்திலோ முகத்திலோ கடும் குறைபாடு வருகிறது. நிறுத்தியபின்னும் ஒரு மாதம் கர்ப்பம் கூடாது. கல்லூரி வயதுப் பெண்களும் புதிதாகத் திருமணமானவர்களும் சாப்பிடக்கூடிய மருந்து இது. மூலிகை, இயற்கை என்ற பெயரும் கவசமல்ல. இந்தியாவிலிருந்து போன ஆயுர்வேத மாத்திரைகளால் ரத்தத்தில் ஈயம் ஏறிய ஆறு கர்ப்பிணிகளை 2011-12இல் நியூயார்க் சுகாதாரத் துறை கண்டறிந்தது. சித்த மருந்தோ ஆயுர்வேத மருந்தோ, அதையும் ஒரு மருந்தாக மதித்து மருத்துவரிடம் சொல்வதே சரி.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது சோடியம் வால்ப்ரோயேட். 1967இல் பிரான்சில் வலிப்பு நோய்க்கு வந்தது. நல்ல மருந்து. பலரை வலிப்பிலிருந்து மீட்டிருக்கிறது. மனநோய்க்கும் ஒற்றைத் தலைவலிக்கும்கூடக் கொடுக்கிறார்கள். கர்ப்பத்தில் தொடர்ந்தால் 100க்கு 10 குழந்தைகளுக்குப் பெரிய பிறவிக் குறைபாடு, 30 முதல் 40 குழந்தைகளுக்குப் பேச்சு, கற்றல், நடத்தை ஆகியவற்றில் வளர்ச்சிப் பிரச்சினை. முதுகுத்தண்டு மூடாமல் பிறக்கும் குழந்தைகளைப் பற்றி லியோன் நகரிலிருந்து 1982இலேயே எச்சரிக்கை வந்தது. அரை நூற்றாண்டில் பிரான்சில் மட்டும் 2,150 முதல் 4,100 குழந்தைகள் இதனால் கடும் குறைபாட்டோடு பிறந்ததாக அந்நாட்டு மருந்து ஆணையமே 2017இல் கணித்தது. தாலிடோமைடின் ஊனம் பிறந்த அன்றே கண்ணுக்குத் தெரிந்தது. இது பள்ளிக்கூடம் போகும் வயதில்தான் தெரியவருகிறது. அதனால்தான் இவ்வளவு தாமதம்.

நமக்குப் பக்கத்திலேயே இதற்கு ஆதாரம் இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் நரம்பியல் மருத்துவர் சஞ்சீவ் தாமஸ் குழுவினர் 1998 முதல் வலிப்பு நோயுள்ள கர்ப்பிணிகளின் பதிவேடு ஒன்றை நடத்தினார்கள். வால்ப்ரோயேட்டின் அளவு கூடக்கூடக் குறைபாடும் கூடுவதை அவர்கள் தென்னிந்தியப் பெண்களிடமே காட்டினார்கள். லாமோட்ரிஜின், லெவெடிரசெட்டம் போன்ற மாற்று மருந்துகளில் ஆபத்து மிகக் குறைவு.

மாற்றுவதற்கு நேரம் வேண்டும். சில வாரங்கள், சில மாதங்கள்கூட ஆகலாம். அது திருமணத்துக்கு முன்பே, குறைந்தது கர்ப்பத்துக்கு முன்பே நடக்க வேண்டும். இங்கேதான் நம் சமூகம் குறுக்கே நிற்கிறது. பெண்ணுக்கு வலிப்பு இருப்பதை மறைத்துக் கல்யாணம் செய்கிறார்கள். புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்துவைத்துச் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் நிறுத்த வேண்டும். வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தைச் செல்லாதென்று அறிவிக்க இடமளித்த விதியை இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999இலேயே நீக்கிவிட்டார்கள். சட்டம் விட்டதை வீடுகள் இன்னும் விடவில்லை. நாள் தள்ளியபின், பயந்துபோய், யாரிடமும் கேட்காமல் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தும் பெண்ணுக்கு வலிப்பு அடுக்கடுக்காக வரலாம். அதில் தாயும் இறக்கலாம், சிசுவும் இறக்கலாம். மருந்தைத் தொடர்வதிலும் ஆபத்து, தானாக நிறுத்துவதிலும் ஆபத்து என்ற நிலைக்கு அவளை நாம் தள்ளிவிடுகிறோம்.

கட்டுப்பாட்டில் இல்லாத நோயும் கருவைக் கெடுக்கும் என்பது பலருக்குப் புதிய செய்தி. முதல் வாரங்களில் கட்டுக்கடங்காத ரத்தச் சர்க்கரை இதயக் குறைபாட்டுக்கே காரணமாகிறது. ஆஸ்துமா உள்ளவர் இன்ஹேலரை விட்டுவிட்டு மூச்சுத் திணறினால் கருவுக்கும் பிராணவாயு குறைகிறது. தைராய்டு மாத்திரையின் அளவைக் கர்ப்பத்தில் குறைப்பதில்லை, பெரும்பாலும் கால் பங்கிலிருந்து அரைப் பங்கு வரை கூட்ட வேண்டியிருக்கிறது. லாமோட்ரிஜினும் அப்படித்தான். கர்ப்பத்தில் உடல் அதை வேகமாக வெளியேற்றுவதால் பழைய அளவு போதாமல் போகும். டெல்மிசார்டானுக்குப் பதில் லேபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா என்று பி.பி.க்கு மாற்று மருந்துகள் இருக்கின்றன. மன அழுத்தத்துக்கான மாத்திரைகளை 'இப்போது வேண்டாமே' என்று குடும்பமே முடிவெடுத்து நிறுத்துவதையும் இதில் சேர்க்க வேண்டும். அந்த நோயும் உயிரைப் பறிக்கும் நோய்தான்.

மருந்துகளைப் பற்றி மருத்துவர்களுக்கே போதிய தகவல் கிடைக்காமல் போனதற்கும் தாலிடோமைட்தான் மறைமுகக் காரணம். அந்த அதிர்ச்சிக்குப்பின் மருந்துச் சோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். 1977இல் அமெரிக்கா ஒருபடி மேலே போய், கர்ப்பமாகக்கூடிய வயதுப் பெண்களையே தொடக்கக் கட்டச் சோதனைகளிலிருந்து விலக்கச் சொன்னது. 1993இல்தான் அதை மாற்றியது. பாதுகாப்பு என்று நினைத்துச் செய்தது, அறியாமையாக முடிந்தது. அதன் விலையை நாம் கோவிடில் கொடுத்தோம். தடுப்பூசிச் சோதனைகளில் கர்ப்பிணிகள் இல்லை, ஆகவே 2021 ஜனவரியில் தடுப்பூசி தொடங்கியபோது இந்தியாவில் அவர்களுக்கு இல்லை. ஜூலையில் அனுமதி வந்தபோது இரண்டாம் அலை ஓய்ந்துகொண்டிருந்தது. அதற்குள் கர்ப்பிணிகள் பலர் இறந்திருந்தார்கள்.

கர்ப்பத்தில் சாப்பிடாமல் இருப்பதே தவறாகும் ஒரு மாத்திரையைச் சொல்லியாக வேண்டும். அதன் தொடக்கம் நம் மண்ணில் இருக்கிறது. லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1928இல் இந்தியா வந்து, பம்பாய் நெசவாலைப் பெண்களைக் கர்ப்பத்தில் கொன்றுகொண்டிருந்த ஒருவகை ரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூர் பாஸ்டியர் நிறுவனத்திலும், 1931இல் சென்னைத் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் அவருடைய வேலை தொடர்ந்தது. ஈஸ்ட்டிலிருந்து செய்த மலிவான மார்மைட் அந்த ரத்தசோகையைக் குணமாக்குவதைக் கண்டார். அதிலிருந்த பொருள்தான் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று அறியப்பட்டது. முந்தைய குழந்தை நரம்புக் குழாய்க் குறைபாட்டோடு பிறந்த பெண்களுக்கு அதைக் கருத்தரிக்கும் முன்பிருந்தே கொடுத்தபோது, அடுத்த குழந்தைக்கு அது வரும் வாய்ப்பு 72 சதவீதம் குறைந்தது என்பதை 1991இல் ஏழு நாடுகளில் நடந்த பரிசோதனை காட்டியது. முடிவு அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் நரம்புக் குழாய் நாள் தள்ளி இரண்டு வாரத்தில் மூடிவிடுகிறது என்பதை மேலே சொன்னேன். பல பெண்கள் முதல்முறை ஆஸ்பத்திரிக்குப் போவது அதற்குப் பிறகுதான். எனவே குழந்தைக்குத் திட்டமிடும் நாளிலிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் வேண்டும். வலிப்பு மருந்து சாப்பிடுவோருக்கும், முன்பு இத்தகைய குழந்தை பெற்றோருக்கும் எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதை மருத்துவர் சொல்வார்.

திருமணம் நிச்சயமாகியிருக்கும் பெண்ணோ, குழந்தைக்குக் காத்திருக்கும் பெண்ணோ உங்கள் வீட்டில் இருந்தால், அவர் தினமும் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை, பருவுக்குச் சாப்பிடுவதையும் லேகியத்தையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு இப்போதே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கர்ப்பமானால் இதில் எதை மாற்ற வேண்டும் என்று கேளுங்கள். ஏற்கெனவே கர்ப்பமாகிவிட்டார் என்றால், அன்றைய மாத்திரையை நிறுத்துவதற்கு முன் மருத்துவரைக் கூப்பிடுங்கள். அட்டையில் வால்ப்ரோயேட் என்று எழுதியிருந்தால் இந்த வாரமே போங்கள், அதுவரை ஒரு வேளையும் தவறவிடாதீர்கள்.